விளம்பரம் இல்லாத மலைக்காவல்

சதீஸ்குமாருக்குக் கைராசிக்காரன் என்று தோட்டத்தில் ஒரு பேர் இருந்தது. பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு கதவு அகலத்தில் போன் திருத்தும் கடை. தெமோதரைக்கு மேலே அவன் குடியிருந்த தேயிலைத் தோட்டப் பிரிவான நடுக்கணக்கு ஆட்களிடம் மட்டும் காசு வாங்க மாட்டான். அதில் அவனுக்குப் பெருமை, கொஞ்சம் கூடுதலாகவே. பாட்டோ விளையாட்டோ, எந்த ஆப்பானாலும் விளம்பரத்தைப் பிடுங்கிவிட்டு, காசு கேட்கிற பூட்டையும் கழற்றிக் கொடுப்பான். லயத்து வரிசை வீடுகளில் ஒரு போனில் ஏற்றினால் போதும். டேட்டா காட் விற்கிற விலையில் யார் தனித்தனியாக இறக்குவது? சாயங்காலம் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுப்பதுபோல, ஒரு போனிலிருந்து அடுத்த போனுக்கு அனுப்பிவிடுவார்கள். ரெண்டே நாளில் கணக்கு முழுக்கப் போய்விடும்.

"கம்பனிக்காரன் கோடீஸ்வரன். நம்ம முந்நூறு ரூபாயிலயா அவன் அரிசி வாங்கப் போறான்?" என்பான் சதீஸ். எல்லாரும் தலையாட்டுவார்கள். எந்தக் கம்பனி, யார் கோடீஸ்வரன் என்று ஒருத்தராவது கேட்டார்களா என்றால், இல்லை.

எதிர்க்கேள்வி கேட்டவள் அவன் பெண்டாட்டி நிஷாந்தினி மட்டும்தான். அவள் மலை சரிந்து லயங்களே புதைந்துபோன மீரியபெத்தக்காரி. பள்ளிக்கூடம் போகிற வயதில், ஒரு காலை நேரத்தில், அக்காவை மண்ணுக்கடியில் விட்டுவிட்டு வந்தவள். மழை பிடித்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. லயத்தில் அவளுக்கு 'பயந்த புள்ள' என்றே பேர். மனுசருக்குப் பேர் வைப்பதில் நம் ஆட்கள் இரக்கமே பார்ப்பதில்லை.

அவள் போனில் 'மலைக்காவல்' என்று ஒரு ஆப் இருந்தது. வெலிமடைப் பக்கத்துப் பிள்ளை றின்ஸாவும் கூடப் படித்த ரெண்டு பேரும் செய்தது. தோட்டங்களில் மழைமானி வைத்திருந்தார்கள். மண் சரியும் ஆபத்து என்றால் போன் அலறும், திரை சிவக்கும். மற்ற நேரமெல்லாம் பச்சை. நல்ல காரியம்தான். ஆனால் திறந்தாலே விளம்பரம்: சவர்க்காரம், கடன், சூதாட்டம். அவளுடைய கைப்பிள்ளை கண்ணசரும் நேரம் பார்த்துக் காட்டுக்கத்தல் கத்தும். ஒருதரம் முந்நூறு ரூபா கட்டினால் விளம்பரம் நிற்கும்.

"கட்டிருவோம்ங்க," என்றாள் நிஷாந்தினி.

"போன் கடைக்காரன் பொண்டாட்டி ஆப்புக்குக் காசு கட்டுறதா? ஊரு சிரிக்கும்." அன்றைக்கே உட்கார்ந்து கழற்றினான்.

"விளம்பரத்த எடுத்தா வேற ஏதும் சேந்து போயிறாதா?"

"ஒனக்கு எல்லாத்துக்கும் பயம், புள்ள."

ஒரு வாரத்தில் நாற்பத்திரண்டு வீட்டிலும் அந்தப் பச்சைத் திரை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கருப்பம்மா வாசலுக்கே வந்து, "நீ நல்லாருப்ப தம்பி" என்று வாழ்த்திவிட்டுப் போனாள். சதீஸுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நவம்பரில் மூன்று நாளாக விடாத மழை. மூன்றாம் நாள் மத்தியானம், நிஸாம் என்ற ஆட்டோக்காரர் சார்ஜ் ஏறாத போன் ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தார். சதீஸ் அதன் பின்மூடியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தான். திடீரென்று அந்தப் போன் அலறியது. திரை முழுக்கச் சிவப்பு. தெமோதரைச் சுற்றுவட்டம், மேல் லயங்கள், உடனே வெளியேறவும்.

சதீஸ் தன் போனை எடுத்துப் பார்த்தான். அதே ஆப். பச்சை.

"ஒங்களுதுல அடிக்கலியா?" என்றார் நிஸாம்.

அவர் போனில் பூட்டுக் கழற்றாத அசல் ஆப். காசு கேட்கிற பக்கத்தைத் திறந்தான். தன் கையால் வெட்டி எறிந்த பக்கம், அப்போது ஒரு வரிகூட வாசிக்காத பக்கம். 'விளம்பரக் காசில்தான் மழைமானிகள் இயங்குகின்றன. விளம்பரத்தைத் தடுத்தால் எச்சரிக்கையும் வராது. இரண்டும் ஒரே வழியில்தான் வருகின்றன. காசு கட்ட முடியாதவர்கள் விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.' அட பாவி, இதை ஒருதரம் வாசித்திருக்கக் கூடாதா?

வீட்டுக்குப் போக வழியில்லை. ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றிருந்தது. போனைப் போட்டான்.

"நிஷா, புள்ளயத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போ. இப்பவே!"

"ஏங்க, பச்சையாத்தான் இருக்கு. இப்பதான் பாத்தேன்." அவள் குரலில் தூக்கம். "இந்த வருசந்தாங்க மழையில நிம்மதியா கண்ண மூடுறேன்."

"அது பொய்ப் பச்சை. நான் கெடுத்துட்டேன். விளம்பரத்தோட எல்லாத்தையும் வெட்டிட்டேன்."

"போறேன்," என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஐந்து நிமிடத்தில் அவளே மறுபடி போன் போட்டாள். "ஒருத்தரும் வரமாட்டேங்கிறாங்க. பயந்த புள்ள சொல்லுதுனு சிரிக்கிறாங்க. ஒங்க ஆப்பத்தான் நீட்டிக் காட்டுறாங்க."

தோட்டத் தலைவர் ரெங்கசாமியிடம்தான் கோயில் மைக்செட் சாவி. சதீஸ் அவரைப் போனில் பிடித்தான். "தலைவரே, மைக்குல சொல்லி ஆளுகளக் கிளப்புங்க."

"போன் பச்சை காட்டுதேப்பா. நீ செஞ்சு குடுத்தது என்னைக்குத் தப்பாயிருக்கு? சும்மா கிளப்பிவிட்டா என்னயத்தான் ஏசுவாங்க."

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தான். அரசாங்கத்து ஆள் சொன்னார் என்றால் நம்புவார்கள், தன் பேரும் தப்பிக்கும். வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது. ஆனால் சனம் திரும்பவும் போனைத்தான் பார்க்கும். போன் திரும்பவும் பச்சை என்றுதான் சொல்லும்.

"மைக்க போட்டு, ஒங்க போன அதுகிட்டப் புடிங்க. நானே பேசுறேன்."

மாரியம்மன் கோயில் குழாயில், அத்தனை மழையிலும் அவன் குரல் கேட்டது. "நான் சதீஸ் பேசுறேன். ஒங்க போன்ல இருக்கிற பச்சைய நம்பாதீங்க. காசு கட்டக் கூடாதுனு நான் அத அறுத்துட்டேன். மலை வந்தாலும் அது அடிக்காது. நான் செஞ்ச தப்பு. கையெடுத்துக் கும்புடுறேன், வெளிய வாங்க." சொல்லும்போது அழுதான். நிஸாம் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சனம் போனது. பள்ளிக்கூடத்தில் ரெண்டு நாள் இருந்தது. மலை வரவில்லை. கக்கூஸ் சுவரும் ஒரு வாழைப்புதரும் போனதோடு சரி. மூன்றாம் நாள் வெயில் அடித்ததும் எல்லாரும் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினார்கள்.

சதீஸ் அசல் ஆப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். ஒருவரும் ஏசவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கருப்பம்மா போனைத் தரவே இல்லை. "அந்தக் கத்தல் சனியன் எதுக்கு தம்பி? டேட்டாவும் திங்கும். அதான் ஒண்ணும் ஆகலியே. மழை வந்தா நீ ஒரு போன் பண்ணிரு, போதும். ஒங்கிட்டதான் அடிக்கிற ஆப் இருக்குல்ல." ரெங்கசாமியும் அதையேதான் சொன்னார். முப்பது வீட்டுக்கு மேல் அதே பேச்சு. பழக்கிவிட்டது யார்? அவன்தானே.

வீட்டில் நிஷாந்தினி தன் போனில் அசல் ஆப்பைத் தானே இறக்கியிருந்தாள். திறந்ததும் சவர்க்கார விளம்பரம் கத்தியது. பிள்ளை திடுக்கிட்டு எழுந்து அழுதது.

"முந்நூறு ரூபாய நான் கட்டிர்றேன் நிஷா. நின்னுரும்."

"வேணாம்." பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள். "கத்தட்டும். கத்துற வரைக்கும் அது உசுரோட இருக்குனு எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு வானம் கருத்தால் சதீஸ் கடையில் கைவேலையைப் போட்டுவிட்டு, அந்த முப்பத்துச் சொச்சம் வீட்டு நம்பர் எழுதிய தாளை எடுத்து வைத்துக்கொள்கிறான். அந்தத் தாளில் நிஷாந்தினியின் நம்பர் இல்லை. முதல் மழைக்கே அவனுடைய போனை எடுத்தவள் சொல்லிவிட்டாள்: "எனக்கு நீங்க சொல்ல வேணாம்ங்க."