சுழி பார்த்து எடுத்த கைக்கடிகாரம்

இரண்டு கைக்கடிகாரங்களும் மேசைமேல் வெள்ளைத் துண்டில் இருந்தன. எது வேண்டும் என்று, அப்பாஸ் பாய் வருவதற்குள் பெரியப்பா சொல்லியாக வேண்டும்.

பெரியப்பா மலைச்சாமிக்கு மாட்டு வியாபாரம். அப்பாஸ் பாய்க்குப் பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு. திண்டுக்கல்லில் உசத்தியான கடிகாரங்களைச் சேர்ப்பவர்கள் இவர்கள் இருவர்தான். கொடைக்கானல் பங்களாவைக் காலி செய்து கப்பலேறும் துரைமார்களின் சாமான்களை வத்தலக்குண்டுத் தரகர் ஆண்டிச்சாமி கொண்டுவருவார். ஒரு தடவை இவர் முதலில் எடுப்பார், அடுத்த தடவை அவர். மிஞ்சியது மற்றவருக்கு. பிறகு அதைக் கேட்கக் கூடாது என்பது பேச்சு. இந்தத் தடவை பெரியப்பாவின் முறை.

ஒன்றில் தேதி, கிழமை, மாதம், அடியில் சின்ன ஜன்னல் வழியே நிலா. இன்னொன்றில் பக்கவாட்டில் ஒரு சிறு பிடி. தள்ளிவிட்டால் அப்போதைய நேரத்தை அடித்துக் காட்டும். மணிக்குத் தடித்த ஒலி, கால் மணிக்கு இரட்டை ஒலி, நிமிடத்துக்கு மெல்லிய ஒலி.

“இம்புட்டுக்குள்ள மணியை எப்பிடிய்யா அடைச்சான்!” பெரியப்பா காதிலிருந்து அதை எடுக்கவே இல்லை.

எனக்கு நிலா வேண்டியிருந்தது. அந்த நிலாவைச் சுற்றும் சக்கரத்தில், நாளுக்கு ஒரு பல் வீதம், இரண்டு நிலவுக்கு ஐம்பத்தொன்பது பல் என்று கல்லூரி நூலகத்தில் படித்திருந்தேன். அப்படியானால் ஒன்றுக்கு இருபத்தொன்பதரை நாள். வானத்து நிலவுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். இரண்டரை வருடத்துக்கு மேல் ஓடினால் ஒரு நாள் பிசக வேண்டும். பிசகுமா என்று பார்க்க ஆசை. யாரிடமும் சொல்லவில்லை.

“பின்மூடியக் கழட்டு” என்றார் பெரியப்பா.

மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல் கடிகாரத்துக்கும் பார்ப்பார். நிலாக் கடிகாரத்தின் உள்ளே வெறும் கோடுகள். குறையில்லை என்று தலையாட்டினார். மணிக் கடிகாரத்தின் தகடெங்கும் சிறு வட்டங்கள். அவர் முகம் மாறியது.

“பாடைச் சுழி! ரெண்டு பக்கமும் சோடியா நிக்கிது பாரு.”

அந்தச் சுழியுள்ள மாடு வந்தால் வீட்டில் சாவு விழும் என்பார்கள்.

“அண்ணே, இது என்ன புல்லா திங்கிது?” என்றார் பக்கத்தில் நின்ற ஆண்டிச்சாமி.

“மூச்சு விடுதுல்ல? ஆத்தா, நீ காலேசு படிச்சவ. லென்ச வச்சுப் பாத்துச் சொல்லு.”

பார்த்தேன். எல்லா வட்டமும் ஒரே அளவு. மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. நான் பேசாமல் இருந்தால் நிலா இந்த வீட்டில் தங்கிவிடும். வாசலில் அப்பாஸ் பாயின் கார் வந்து நின்றது.

“இது பொறவிச் சுழி இல்ல பெரியப்பா.”

“என்ன? சத்தமாச் சொல்லு.”

“சுத்துற கம்பிய அழுத்தி, ஆளு போட்டது.”

“ஆளு போட்டதா?” அவர் முகம் மலர்ந்தது. “அப்ப சூடு போட்டதுன்னு சொல்லு! சூட்டுக்கு ஏது பலன்?” மணிக் கடிகாரத்தைக் கையில் கட்டிவிட்டார்.

அப்பாஸ் பாய் உள்ளே வந்தார். “என்ன மச்சான், எனக்கு என்ன மிச்சம் வச்சீக?”

“நெலா.”

“இதப் பாத்து நோம்பு பிடிச்சா ஹஜரத்து என்னயப் பள்ளிவாசல்லருந்து முடுக்கிருவாரு.” சிரித்துக்கொண்டே அதைச் சட்டைப் பையில் போடப் போனார்.

“மாமா, அது பிசகும்” என்றேன். அவரிடம் நான் பேசியது அதுதான் முதல் முறை.

அவர் ஆண்டிச்சாமியிடம் திரும்பினார். “ஏலே, பிசகுற சரக்கயா என் தலையில கட்டுற?”

“இல்ல மாமா, இந்த மாதிரி எல்லாமே அப்பிடித்தான். ரெண்டரை வருசத்துக்கு மேல ஓடினா ஒரு நாள். எனக்கு... அதப் பாக்கணும்.”

அப்பாஸ் பாய் கடிகார ஜன்னலுக்குள் இருந்த நிலவையும் என்னையும் பார்த்தார்.

“சரி. பிறை தெரியிறப்ப எல்லாம் கொண்டாரேன். சரியான்னு நீ சொல்லு.”

“தப்பா ஓடுறதப் பாக்க இம்புட்டு ஆசையா?” என்றார் பெரியப்பா.

ஆமாம் என்று தலையாட்டினேன்.