சேலை மடிப்பவரின் பெயர்

1.

இந்தக் கதை முதலில் கதையாக இருக்கவில்லை. ஒரு தொழில் திட்டமாக இருந்தது. அதை எழுதியதும் நான்தான். இரண்டிலும் பொய் இருக்கிறது. கதையில் குறைவு.

ஜெர்மனியின் ஹனோவர் நகரில், பகலில் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பில் அலுவலக ஜெர்மன் படிக்கிறேன். தினமும் அரைப் பக்கம் நாட்குறிப்பு எழுதும்படி ஆசிரியை சொன்னார். ஜெர்மனில் எழுதச் சொன்னார் என்பது மூன்றாம் வாரத்தில்தான் எனக்கு விளங்கியது. அதற்குள் தமிழில் பழகிவிட்டது.

மாலை வகுப்புக்குப் போகிறவள் எந்தப் படிவத்தையும் நிரப்புவாள் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். பிறின்சி அக்காவும் அவருடைய கணவர் டெனிஸ்டன் அண்ணையும் அப்படித்தான் என்னிடம் வந்தார்கள்.

2.

முதல் வரிக்கான முயற்சிகள்:

(அ) பிறின்சி அக்காவின் விரல்களில் சேலை ஒரு நதியைப் போல... [அடித்துவிட்டேன். நதி வேண்டாம். தவிர, அவை அக்காவின் விரல்களும் இல்லை.]

(ஆ) ஜெர்மனியில் பிறந்த தமிழ்ப் பெண்களில் பலருக்குச் சேலை உடுக்கத் தெரியாது என்பதை இத்தால்... [இது விண்ணப்பம்.]

(இ) டெனிஸ்டன் அண்ணை ஒரு விடுதியின் சலவைப் பகுதியில் பதினொரு வருடம் மேசை விரிப்புகளை மடித்தார்.

(இ) இருக்கட்டும். அந்தச் சலவைப் பகுதியை மூடிவிட்டார்கள். அதன்பின் இருவரும் அரசின் உதவிப்பணத்தில் இருக்கிறார்கள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அண்ணை மனைவியின் சேலைகளை எடுத்து, இடுப்பு மடிப்பான கொய்யகமும் தலைப்பும் முன்கூட்டியே மடித்து, அயனால் அழுத்தி, ஊசி குத்தி வைத்தார். தேவாலயத் திருவிழாவன்று அக்கா ஐந்து நிமிடத்தில் உடுத்து முடித்தார். மற்றப் பெண்கள் விசாரித்தார்கள். "நான்தான் மடிக்கிறனான்" என்றார் அக்கா. பிறகு வாரம் ஆறு சேலைகள் வீட்டுக்கு வரத் தொடங்கின. எல்லாம் இலவச வேலை.

3.

உதவிப்பணத்திலிருந்து சொந்தத் தொழிலுக்குப் போகிறவருக்கு யொப்சென்டர் என்கிற வேலைவாய்ப்பு அலுவலகம் சில காலம் மேலதிகமாக ஒரு தொகை தரலாம். கணவனும் மனைவியும் அங்கே ஒரே கோப்பு.* ஆனால் இந்தத் திட்டத்தில் "தொழில் தொடங்குபவர்" என்ற பெட்டிக்குள் ஒரு பெயர்தான் எழுதலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஆளுக்குத் தொழில் தெரிந்திருக்கவும் வேண்டும்.

* இதற்கு ஜெர்மனில் ஒரு சொல் உண்டு. எழுதினால் பக்கத்தின் அகலம் போதாது.

"பிறின்சியின்ர பேரை எழுதும் தங்கச்சி," என்றார் அண்ணை.

"மடிக்கிறது நீங்கள் எல்லோ அண்ணை?"

"வாற மாசம் ஒரு பிள்ளை பெரிசான சாமத்திய வீடு. மண்டபத்தில நூற்றைம்பது சனம் இருக்கும். நான் உள்ளுக்க போகேக்க, 'சீலைக்காரன் வாறான்' எண்டு ஒருத்தன் சொன்னால் நான் எங்க போய் இருக்கிறது?"

"முன் வரிசையில இருங்கோ," என்றார் அக்கா. "அங்கதான் பலகாரம் முதல்ல வரும்."

நான் பிறின்சி அக்காவின் பெயரை எழுதினேன். (இங்கே மறுத்திருக்க வேண்டும். அன்றைய நாட்குறிப்பு: "மறுக்கவில்லை. சாப்பிட றோல்ஸ் தந்தார்கள். இரண்டு.")

4.

ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. திட்டத்தில் நான் படைத்த பிறின்சி பொறுமையானவர், நேர்த்தியானவர், குறைவாகப் பேசுபவர். உண்மையான பிறின்சி அக்கா ஒரு கடிதத்தைக்கூட நேராக மடித்து உறையில் போடமாட்டார். ஆனால் அறிமுகமில்லாத ஒருவரை இரண்டு நிமிடத்தில் சிரிக்க வைத்துவிடுவார். அதைத் திட்டத்தில் எழுத மறந்துவிட்டேன். நல்ல எழுத்தாளர் ஒருவர் இந்த இடத்தில்... [தெரியவில்லை. நான் அவரில்லை.]

5.

போன வியாழன் யொப்சென்டரில் சந்திப்பு. மொழிபெயர்க்க நானும் போனேன். அதிகாரி அம்மா திட்டத்தைப் படித்துவிட்டு, "செய்து காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

மாதிரிக்குக் கொண்டுபோன சேலையை அக்கா மேசையில் விரித்தார். முதல் மடிப்பு அகலமாக வந்தது. இரண்டாவது ஒடுங்கிப்போனது. மூன்றாவதை, எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் கதையை எடுத்து மறைக்கப் பார்த்தார்.

"இஞ்சேர், கரை பிசகுது," என்றார் அண்ணை.

"நீங்கள் பேசாமல் இருங்கோ."

"கரையைப் பாரும் எண்டு சொல்லுறன்."

"கணவர் என்ன சொல்கிறார்?" என்றார் அதிகாரி.

"ஊக்கப்படுத்துகிறார்," என்று மொழிபெயர்த்தேன்.

ஐந்தாவது மடிப்பில் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "விடும் இஞ்ச." எழுந்து சேலையை வாங்கி, உதறி, முதலிலிருந்து தொடங்கினார். கரைமேல் கரை வந்து உட்கார்ந்தது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு புதிய படிவத்தைத் தந்தார். "திங்கட்கிழமை கொண்டுவாருங்கள். செய்பவரின் பெயர் இருந்தால் நான் ஆதரவாக எழுதுவேன். இல்லாவிட்டால், உங்கள் கணவருக்கு ஒரு கிடங்கில் பொதி அடுக்கும் வேலை பார்த்து வைத்திருக்கிறேன். அந்த வேலைக்கான கடிதம் அன்றே போகும்."

6.

தொழில் திட்டத்தில் மூன்று விதமான எதிர்காலம் எழுதச் சொல்கிறார்கள். கதைக்கும் அது வசதி.

நல்லது: அண்ணை தன் பெயரை எழுதுகிறார். சாமத்திய வீட்டு மண்டபத்தில் நூற்றைம்பது பேரும் எழுந்து நின்று... [இல்லை. எங்கள் ஆட்கள் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவார்கள்.]

நடுத்தரம்: அக்கா மடிக்கப் பழகுகிறார். [ஐந்தாம் பகுதியைப் படித்தவர்கள் நம்பமாட்டார்கள்.]

மோசம்: அண்ணை கிடங்குக்குப் போகிறார். மடிக்காத சேலைகள் பைகளுக்குள்ளேயே... [முடிக்க விருப்பமில்லை.]

7.

இன்று ஞாயிறு. அவர்களுடைய குசினிக்குள், சாப்பாட்டு மேசையில் இருக்கிறேன். படிவத்தில் அந்தப் பெட்டி வெறுமையாகக் கிடக்கிறது. அண்ணையிடம் அதைப் பற்றிக் கேட்கத் துணிவில்லாமல், இந்தக் கதையை ஆறாம் பகுதிவரை வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு, ஒவ்வொரு தாளாக வாசித்தார். ஒரு பென்சில் கேட்டார்.

"தங்கச்சி, இதில ஒரு பிழை கிடக்கு."

"உங்கட பேரோ அண்ணை? மாத்துறன்."

"பேரில்லை. நேர அயனை வைச்ச மாதிரி எழுதியிருக்கிறீர். மேல ஒரு வெள்ளைத் துணி போடாமல் நான் ஒருநாளும் பட்டுச் சீலையை அயன் பண்ணுறேல்லை. வாசிக்கிற சனம் என்ன நினைக்கும்?"

"ஆரைப் பற்றி?" என்றார் அக்கா.

அண்ணை ஓரத்தில் வெள்ளைத் துணியைப் பற்றி எழுதினார். இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதினார்.

படிவம் கதைத் தாள்களுக்கு அடியில் இருக்கிறது. அதற்குப் பேனா வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேனாவை எடுத்து மேசையில் வைத்தேன், அவ்வளவுதான். அக்கா சைகையால் என்னைப் பல்கனிக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு நிற்கிறோம். கண்ணாடியூடாக அண்ணையின் முதுகு மட்டும் தெரிகிறது. கை அசைகிறது. எந்தத் தாளில் என்று தெரியவில்லை.

"எட்டிப் பாராதேயும்," என்கிறார் அக்கா. "பாத்தால் நிப்பாட்டிப் போடுவார்."

அதனால் நான் பார்க்கவில்லை. வாசிக்கிற நீங்கள் மேசையின் பக்கம் இருக்கிறீர்கள். பெட்டி சின்னது, ஒரு பெயர்தான் கொள்ளும். நாங்கள் உள்ளே வருவதற்குள் எழுதி வையுங்கள்.