எக்ஸ்ப்ளோரரில் விரியாத மெனு

கலசப்பாக்கத்திலிருந்து தினமும் ஆரணிக்கு வந்து பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்த அன்புச்செல்விக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் வேலை, சம்பந்தத்தின் பட்டுக் கடைக்கு வெப்சைட். 'சேலைகள்' மேல் மவுசை வைத்தால் கீழே வகைகள் விரிய வேண்டும். சென்டரின் ஃபயர்ஃபாக்ஸில் அழகாக விரிந்தது. கடைக் கம்ப்யூட்டரில் இருந்த பிரவுசரோ பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். அங்கே மெனு அசையவே இல்லை.

"இன்னாம்மா இது, அப்படியே கெடக்குது?" என்றார் சம்பந்தம். "வெள்ளிக்கெழம சிங்கப்பூர் பார்ட்டி வர்றாரு. வெப்சைட்டு காட்றேன்னு சொல்லிகினு இருக்கேன்."

"சரி பண்ணிட்றேங்க."

அந்த எக்ஸ்ப்ளோரருக்கு லிங்க்கைத் தவிர வேறெதன் மேல் மவுஸ் வந்தாலும் உறைக்காது என்று இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டாள். குட்டி ஸ்கிரிப்ட் ஒன்றைச் சேர்த்தாள். மெனு விரிந்தது, தொடப்போனால் மூடிக்கொண்டது. பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் இடைவெளியைக் குறைத்தாள். எக்ஸ்ப்ளோரரில் சரியானது, ஃபயர்ஃபாக்ஸில் படத்தின் மேல் ஏறிக்கொண்டது. சோறு தண்ணி மறந்து மல்லுக்கட்டி, ஒருவழியாக இரண்டிலும் நிற்கவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சம்பந்தம் போன் செய்தார். "கலர் செலக்ட் பண்ற மாரி ஒரு பெட்டி வையும்மா, ஜல்தியா."

வைத்தாள். சென்டரின் ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

சிங்கப்பூர்க்காரர் முன்னால் மெனு விரிந்தது. அதைக் கிழித்துக்கொண்டு கலர் பெட்டி மேலே துருத்தி நின்றது. 'கல்யாணப் பட்டு' என்ற எழுத்தே தெரியவில்லை.

"பரவால்லங்க, சேலையவே காட்டுங்க" என்றார் வந்தவர்.

சம்பந்தம் திட்டவில்லை. மானிட்டரை அணைத்துவிட்டுச் சேலைகளைப் பிரித்தார். திட்டியிருக்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை அதற்கும் வழி கண்டுபிடித்து எடுத்துப்போனாள். அதற்குள் சம்பந்தத்தின் அக்கா மகன் சதீஷ் சென்னையிலிருந்தே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரு படமும் போன் நம்பரும் மட்டும் போட்டிருந்தான்.

"உன் தப்பு இல்ல, இந்த எக்ஸ்ப்ளோரரு பண்ற வேலன்னு அவனே சொன்னாம்மா. ஆனா இந்த பேஜாரு நமக்கு வேணாம்."

பஸ் ஏறி ஊருக்குத் திரும்பினாள். வீட்டில் அம்மா கன்னியம்மா வாசலிலேயே காத்திருந்தாள்.

"நாளைக்கு நடவுக்குப் போவல. உன்கூட ஆரணி வரேன். நீ செஞ்சத பாக்கப் போறேன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"பாக்க ஒண்ணுமில்லம்மா" என்றாள் அன்புச்செல்வி.