தலையணைக் கதைக்கு வந்த கருத்துகள்

1

இதை நான் வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் தோழி ஒரு கதை எழுதினாள், பத்திரிகையில் வந்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயின் முகத்துக்கு மேலே மகள் தலையணையைத் தூக்குகிறாள். பிறகு இறக்கி, தாயின் தலைக்கே அண்டக் கொடுக்கிறாள். அவ்வளவுதான் கதை. அதற்கு வந்த கருத்துகள்தான் இந்தக் கதை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை தூறிக்கொண்டிருந்த அந்த மாலையில், அவள் மனத்திலும்

(வேண்டாம். மழையே பெய்யவில்லை. கதையைப் பற்றிப் பேச வாசகர் கூட்டம் நடந்த அறையில் மின்விசிறி ஓடாமல் எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது.)

2

வாசகர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர், “துணிச்சலான முயற்சி” என்றார். படித்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை, கேட்பது நாகரிகமில்லை. வந்திருந்த பதிப்பாளர் ஒருவருக்கு முடிவு பிடிக்கவில்லை. “அம்மா கண்ணைத் தொறந்து சிரிக்கிற மாதிரி முடிச்சிருக்கலாமே.”

பல் டாக்டர் ஒருவர் எழுந்தார். “நம்ம வீட்டுப் பொண்ணுங்க இப்படியெல்லாம் யோசிக்க மாட்டாங்க.”

“உங்க அம்மாவை யாரு சார் பாத்துக்கிறாங்க?” என்று தோழி கேட்டாள்.

“என் மனைவி.”

“அவங்களக் கேட்டீங்களா?”

பேராசிரியர் அவசர அவசரமாக நன்றியுரைக்குத் தாவினார்.

(பல் டாக்டரை இன்னும் கொஞ்சம் மனிதராக்கப் பார்த்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை.)

3

தோழியின் அம்மாவும் படுக்கையில்தான். கதை வந்த கையோடு அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். அதுவரை போனிலேயே பாசம் காட்டியவள். இலக்கியத்தால் என்ன பயன் என்று இனி யாராவது கேட்டால் சொல்லுங்கள்: அக்காவை வரவழைத்தது.

தங்கை மாத்திரை எடுத்தால் அக்கா அட்டையைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னை நம்பலையாக்கா?”

“அந்தக் கதைய எழுதினவ நீதானே.”

அம்மாவுக்குப் புரண்டு படுக்க உதவுவதும் தங்கையே, துணி மாற்றுவதும் அவளே. அதெல்லாம் கதையில் வரவில்லை.

ஒருநாள் அக்கா குளிக்கப் போனதும் அம்மா கூப்பிட்டாள்.

“அதை எனக்குப் படிச்சுக் காட்டுடி.”

மகள் பத்திரிகையை எடுத்துப் படித்தாள். கடைசிவரை கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்:

“நல்லாத்தான் இருக்கு. ஆனா தூக்கினவ ஏன் கீழ வெச்சா? அம்மா மேல பாசமா? இல்ல, படிக்கிறவங்க திட்டுவாங்கன்னு உனக்குப் பயமா?”

4

அத்தனை பேர் கருத்துச் சொன்னார்கள். கதைக்குள் நுழைந்து பார்த்தவள் இந்த அம்மா ஒருத்திதான்.

மகள் என்ன சொன்னாள்? ‘பாசம்தாம்மா’ என்று எழுதினேன்; பதிப்பாளருக்குப் பிடிக்கும், அடித்துவிட்டேன். ‘பயம்தாம்மா’ என்று எழுதினேன். எனக்கு நானே கைதட்டிக்கொண்டது போலிருந்தது. ‘அவள் அம்மாவின் கையைப் பிடித்து

இல்லை. அந்தப் பக்கமே போகமாட்டேன்.

அம்மா முகத்தில் கோபமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டிருந்தாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அக்கா வெளியே வருவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

நீங்களே சொல்லுங்கள். அம்மா காத்திருக்கிறாள்.