சின்னக் காருக்கு ஒரு டர்போ

கார் அவளுடையது. அப்பா ஓட்டித் தேய்த்த பழைய வண்டி. கண்பார்வை மங்கியதும், "இனிமே இத நீயே வச்சுக்கோம்மா" என்று சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டார். மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், மேடு வந்தால் மூச்சு வாங்கும். செயற்கைப் பல் செய்யும் லேபில் அவளுக்கு வேலை. தினமும் அதில்தான் போய்வந்தாள்.

கணவன் டைல்ஸ் கடையில் விற்பனையாளன். மேலாளராக வேண்டியவன், அந்த நாற்காலி முதலாளியின் மருமகனுக்குப் போய்விட்டது. அதிலிருந்து வீட்டுக்கு வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஃபோனும் கையுமாக உட்கார்ந்துவிடுவான். எது கேட்டாலும் 'ம்' என்பான், அதுவும் இரண்டாம் தடவை கேட்டால்தான். அப்படியிருந்தவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இங்க பாரு. நம்ம வண்டி மாதிரியே ஒண்ணு. டர்போ போட்டிருக்கான்."

"போட்டா?"

"பறக்கும்."

"பறந்து எங்க போகப்போறோம்? லேப் வரைக்கும் போனாப் போதாதா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அதற்காகத்தான் அவள் சரி என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. காரை அங்கே ஏற்றி நிறுத்தினார்கள். அவள் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். புதிதாக வாங்கிப் பூட்டக் கையில் வசதி இல்லை. பழைய இரும்புக் கடையில், மோதி நசுங்கிய ஒரு டீசல் காரிலிருந்து டர்போவைக் கழற்றி வந்தான். நத்தை ஓடு மாதிரி இருந்தது. எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகை ஒரு பக்கச் சக்கரத்தைச் சுழற்ற, மறுபக்கச் சக்கரம் காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் காற்றில் பெட்ரோலைக் கலந்துவிடும் கார்புரேட்டர் தானாக உறிஞ்சிக் குடித்துப் பழகியது, அதற்கு வாயில் ஊற்றித் திணித்தால் ஆகாது. காற்று எல்லாப் பக்கமும் கசியும். பெட்ரோல் போதாமல் எஞ்சின் வெந்துபோகும்.

புகைக் குழாயை ஒரு வெல்டரிடம் கொடுத்து ஒட்டிக்கொண்டான். டர்போ தள்ளும் காற்று கசியாமல் கார்புரேட்டரின் வாயில் பொருத்தும் மூடிதான் எங்கும் கிடைக்கவில்லை. தகரத்தில் அவனே மடித்துச் செய்தது மூன்று தடவையும் ஒழுகியது. நான்காவதைச் சுவரில் எறிந்தான்.

"விடுங்க, நான் பாக்கறேன்" என்றாள்.

அவள் வேலையே மெழுகில் பல் செதுக்குவது. கடைவாய்ப் பல்லின் மேடும் பள்ளமும் விரலில் இருக்கும். சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, கார்புரேட்டரின் வாய்க்குப் பொருந்துகிற மாதிரி மெழுகில் ஒரு மூடி செதுக்கினாள். அதை வார்ப்படக் கடையில் கொடுத்து அலுமினியத்தில் வார்த்து வாங்கினார்கள். பொருத்திப் பார்த்தபோது நடுவில் ஒரு தாள்கூட நுழையவில்லை.

"அடேயப்பா! பல்லு டாக்டர், எங்க வண்டிக்கு வாய் கட்டிட்டீங்களே!" என்று அவள் தலையில் தட்டினான்.

"ஃபீஸ் குடுங்க மொதல்ல."

"டீ போட்டுத் தரேன்."

"நீங்க போடற டீயா? அதுக்கு நானே உங்களுக்கு ஃபீஸ் குடுத்துடறேன், போடாம இருங்க."

பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் துளையையும் அவள்தான் பெரிதாக்கினாள். பித்தளையில், ஊசிமுனை அளவு துளை. லேபில் தேய்ந்துபோய் ஒதுக்கிய, துளை கடையும் ரீமர்களை எடுத்துவந்து, கொஞ்சம் கடைந்து, பூட்டி, ஓட்டி, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்து, மறுபடி கடைந்தாள். பிளக் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை; கறுத்திருந்தால் அதிகம். காய்ந்த மண் நிறம் வந்த அன்று இருவரும் பிளக்கைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள், பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல.

அந்த மாதங்களில் அவர்கள் பேசியதுபோல் கல்யாணமான புதிதில்கூடப் பேசியதில்லை. எண்ணெய்க் கையோடு நின்றபடியே சாப்பிட்டார்கள். போல்ட்டு கீழே விழுந்தால் இரண்டு பேரும் மல்லாந்து படுத்துத் தேடினார்கள்.

முதல் ஓட்டத்துக்கு ஊருக்கு வெளியே நீர்த்தேக்கச் சாலைக்குப் போனார்கள். அவன் மிதித்தான். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ ஒரு விசில் எழுந்தது. யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியதுபோல் கார் பாய்ந்தது. அவள் கத்தினாள். அவனும் கத்தினான். மேட்டை ஏறி முடித்தபோது இருவருக்கும் கண்ணில் நீர் வந்திருந்தது, சிரித்துச் சிரித்து.

அவன் அதை வீடியோ எடுத்துப் போட்டான். அதன் பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள்.

பழைய கார்களை முடுக்கி ஓட்டும் கூட்டம் அது. அவர்களில் தலைவன் மாதிரி இருந்தவனைப் 'புகை' என்று கூப்பிட்டார்கள். அவன் வண்டி எப்போதும் புகைத்துக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகைக்குள் நான்கைந்து பேர். அவள் டீ கொண்டுபோய்க் கொடுத்தால், "தேங்க்ஸ் அண்ணி" என்று பவ்யமாக வாங்கிக்கொண்டு, அவள் நகர்ந்த பிறகு பேச்சைத் தொடர்ந்தார்கள். மூடியைத் தடவிப் பார்த்து, "செம வேலை, எங்க அடிச்சீங்கண்ணே?" என்று ஒருவன் கேட்டது அவள் காதில் விழுந்தது.

"நாமளே செஞ்சதுதான்" என்றான் கணவன்.

'நாமளே' என்பதில் தானும் இருக்கிறோம் என்று அன்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் லேபிலிருந்து திரும்பியபோது காரின் முன்பக்கத்தில் ஓட்டுநர் இருக்கை மட்டும் இருந்தது. பக்கத்து இருக்கை இருந்த இடத்தில் வெறும் தகரமும் நான்கு போல்ட்டுத் துளைகளும்.

"சீட் எங்க?"

"கழட்டிட்டேன். வெயிட் குறையணும்ல? அடுத்த வாரம் ஓட்டம் இருக்கு."

"நான் எதுல உக்காருவேன்?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "நீ எதுக்கு வரணும்? அங்க எல்லாம் பசங்க. உனக்கு போர் அடிக்கும்."

சீட்டை ஏற்கெனவே புகை எடுத்துப் போய்விட்டான், வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் போட்டு உட்கார.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

அந்த ஓட்டம் முடிந்து வந்து வீடியோவைக் காட்டினான். அதில் எஞ்சின் சத்தத்துக்கு அடியில், தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவதுபோல் இன்னொரு சத்தம்.

"என்னங்க, கல் குலுக்கற மாதிரி கேக்குதே. எவ்வளவு அழுத்தம் வச்சிருக்கீங்க?"

"கொஞ்சம் ஏத்தியிருக்கோம். டர்போ அழுத்தத்த ஏத்தற கம்பியப் புகைதான் முறுக்கி விட்டான்."

"அதுக்கு இந்த ஜெட் பத்தாது. பிளக்கக் கழட்டிப் பாருங்க, வெளுத்திருக்கும். நான் வேணா இன்னும் ஒரு மயிரிழை கடைஞ்சு தரேன்."

"அதெல்லாம் அவன் பாத்துப்பான். அவன் எத்தனை வண்டி பாத்தவன்! நீ ஒரே வண்டிதான பாத்திருக்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். கேலியாகக்கூட இல்லை, சாதாரணமாக.

அடுத்த ஞாயிறு கார் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்டது. நடுச் சிலிண்டரின் பிஸ்டனில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. கொட்டகைக்குள் எல்லோரும் சாவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள். அவள் தண்ணீர்ச் சொம்போடு வாசலுக்கு வந்தபோது புகை தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"ஜெட்டுல பெட்ரோல் வரலண்ணே. வேற ஒண்ணும் இல்ல."

"ஜெட் அவ கடைஞ்சது" என்றான் கணவன். "பல்லு வேலைன்னு நெனச்சுக் கடைஞ்சுட்டா போல. பொம்பளைங்கள நம்பி எஞ்சின் குடுத்தா இப்படித்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒருவன் மட்டும் சிரிப்பை விழுங்கினான். அவள் சொம்பை டிக்கியின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவர்கள் போன பிறகு கொட்டகைக்கு வந்து கார்புரேட்டரைக் கழற்றினாள். அவன் தடுக்கவில்லை. உள்ளே இருந்தது புத்தம்புது ஜெட். கடையில் வாங்கியது; பக்கத்தில் எண் அச்சடித்திருந்தது.

"இது நான் கடைஞ்சது இல்ல."

"தெரியும். போன வாரமே புகை மாத்திட்டான்."

"தெரிஞ்சுமா அப்படிச் சொன்னீங்க?"

"அவங்க முன்னாடி வேற என்ன சொல்லச் சொல்ற? அவன் மூஞ்சிக்கு நேரா 'நீதான்டா கெடுத்தே'ன்னு சொன்னா நாளைக்கு எவன் வருவான்? நீ வீட்டு ஆளு. தாங்கிப்ப."

அவள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து, அதன் இடத்தில் மாட்டினாள். கோபமாக இருந்தால்கூடச் சமாளித்திருப்பாள். இது கோபம் இல்லை. இத்தனை மாதம் பக்கத்தில் மல்லாந்து படுத்துப் போல்ட்டுத் தேடியவன் யார் என்று தெரியாமல் போன மாதிரி இருந்தது.

எஞ்சின் மாற்றலாம் என்று அவன் பேசிப் பார்த்தான். புகை பாதி விலைக்கு ஒன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னான். பிறகு புகையும் வருவதைக் குறைத்துக்கொண்டான். ஓடாத வண்டி இருக்கும் வீட்டில் அவர்களுக்கு வேலை இல்லை. அவன் மறுபடி சட்டையைக் கழற்றாமல் ஃபோனோடு உட்கார ஆரம்பித்தான். அவள் பேச்சுக் கொடுக்கவில்லை.

காரை விற்கப்போவதாக அவள் அப்பாவிடம் மட்டும் ஃபோனில் சொன்னாள். "உன் வண்டிம்மா, உன் இஷ்டம்" என்றார் அவர். ஏன் என்று கேட்கவில்லை.

வாங்க வந்தவர் கராஜ் வைத்திருக்கும் பெரியவர். ஓட்டைப் பிஸ்டனைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு அந்த அலுமினிய மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல கை. இத யாரு செஞ்சது?"

கணவன் கதவோரம் நின்றிருந்தான். அவளைப் பார்த்தான்.

"நாங்க ரெண்டு பேருமா செஞ்சோம். இந்த மூடி முழுக்க அவதான்."

பெரியவர் வியப்போடு அவள் பக்கம் திரும்பினார். "நீயாம்மா?"

"இல்லைங்க" என்றாள். "எனக்கு இதெல்லாம் தெரியாது. வண்டி பேப்பர் மட்டும்தான் என் பேர்ல."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பெரியவரிடம் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டாள். காட்டிய இடத்தில் போட்டாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லேபுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.