மிளகுரசம் யார்?

திங்கட்கிழமை காலை, ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து, கோட்டைக் கழற்றி மாட்டி, கம்ப்யூட்டரை உயிர்ப்பித்த எஸ்தர், திரையில் முதல் வரியைப் படித்ததுமே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

'மிளகுரசம் யார்? இந்தச் சனிக்கிழமை பொங்கல் விழாவில் முகமூடி கிழியும்!'

எழுதியிருந்தவன் பெயர் 'லென்ஸ்'.

காரணம் எளிது. மிளகுரசம் அவள்தான்.

2007 ஜனவரி. ஜெர்மனியின் ஆஹெனில் படிக்கிற, ஆராய்ச்சி செய்கிற தமிழ்ப் பிள்ளைகள் கூடிக் கும்மியடிக்க 'ஆஹென் அரட்டை' என்று ஓர் இணையத் தளம் இருந்தது. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. வேதிப்பொறியியல் முனைவர் பட்டத்துக்காகச் சென்னையிலிருந்து வந்திறங்கிய எஸ்தர், முதல் குளிர்காலத்தில், ஜெர்மன் சூப்பர் மார்க்கெட் சாமான்களை வைத்து மிளகுரசம் வைப்பது எப்படி என்று ஒரு குறிப்பு எழுதிப் போட்டாள். ஊரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த நேரம். எழுதியவளுக்கு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அப்புறம் குருமா, கொத்சு, மீன் குழம்பு என்று இரண்டு வருடமாக அவள் சொல்லித்தான் பாதி ஆஹென் தமிழர்கள் அடுப்பைப் பற்றவைத்தார்கள்.

அவள் யார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. லென்ஸ் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ராகவ். கோயம்புத்தூர்க்காரன், இயந்திரவியல் மாணவன். எஸ்தர் வந்திறங்கிய அன்று, முன்பின் தெரியாத அவளுடைய பெட்டியைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து மாணவர் குடியிருப்பின் மூன்றாவது மாடி வரைக்கும் தூக்கிவந்த புண்ணியவான்.

அந்தப் புண்ணியவான் இப்போது எழுதியிருந்தான்:

'யோசிங்க மக்களே. மிளகுரசம் மட்டன் பிரியாணிக்குத் தயிரே ஊத்தாது. தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும்தான். சுறாப்புட்டு கேட்டா, சுறா வேண்டாம், வஞ்சிரம் பாருங்கங்குது. இறால்ங்கிற பேச்சே கிடையாது. கறி வாங்க பெல்ஜியத்து ஆண்ட்வெர்ப் வரைக்கும் ரயிலேறுது. எல்லாத்துக்கும் மேல, வெள்ளிக்கிழமை பொழுது சாய்ஞ்சா ஆள் அவுட். சனிக்கிழமை இருட்டினாத்தான் திரும்ப வரும். இது எந்த ஊரு, என்ன ஆளுங்க?'

என்ன ஆளுங்க! சாப்பாட்டை முகர்ந்தே குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்புகிற கூட்டத்துக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்குமா? மதியத்துக்குள் குவிந்துவிட்டார்கள்.

'வெள்ளிக்கிழமை அம்மன் விரதம். சந்தேகமே இல்ல.'

'விரதம்னா காலையிலேர்ந்துல்ல இருக்கணும்? பொழுது சாய்ஞ்சப்புறம் என்ன விரதம், கும்பகர்ண விரதமா?'

'வீக் எண்ட் பாய் ஃப்ரெண்ட். கேஸ் குளோஸ்டு.'

'சுறா கடிச்ச குடும்பமோ என்னவோ, பாவம்.'

எஸ்தர் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவளுடைய அப்பா எர்ணாகுளத்து யூதர். வேலைக்காகச் சென்னை வந்து, புரசைவாக்கத்தில் வீடு பிடித்து, அங்கேயே வேர்விட்டவர். பள்ளிக்கூடத்தில் எஸ்தர் என்ற பெயரைக் கேட்டதும் டீச்சர் கேட்ட முதல் கேள்வி, "சிஎஸ்ஐயா, ஆர்சியா?" ரெண்டும் இல்லை என்றதும், "ஓ, பெந்தகோஸ்தேயா?" விளக்கம் சொல்லி அலுத்துப்போன எஸ்தர், பிறகு ஆமாம் இல்லை என்று எதுவும் சொல்லாமல் புன்னகைக்கப் பழகிவிட்டாள். அந்தப் புன்னகையோடுதான் ஜெர்மனிக்கும் வந்தாள்.

இங்கே யூதத் தொழுகைக்கூடத்தில் வெள்ளி மாலைகளில் அவளைச் சுற்றி ரஷ்ய மொழி பேசும் மூதாட்டிகள். அன்பானவர்கள். ஆனால் அவர்களுக்கு அவள் 'இந்தியாப் பெண்'. வாயாரத் தமிழ் பேச, கிண்டலடிக்க, சண்டை போட அவளுக்கு இருந்த ஒரே இடம் அரட்டைதான். அதுவும் போய்விட்டால்?

போகத்தான் போகிறது என்று இரண்டு வாரத்துக்கு முன்பே அவளுக்குத் தோன்றியிருந்தது. ஊழல், குண்டும் குழியுமான சாலை என்று என்னவோ பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது இதே லென்ஸ் எழுதினான்: 'நம்ம ஊருக்கு ஒரு ஹிட்லர் வந்தாத்தான் உருப்படும்.' கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள், சபாஷ்கள். எழுதிய இடம் எது? ஜெர்மனி! பக்கத்து நாற்காலி ஜெர்மன்காரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் ராகவ் தப்பித்தான். படிக்கத் தெரிந்தவள் பதில் ஒன்றை அடித்து, அழித்து, அன்றைக்கு வேறொருவர் கேட்ட இஞ்சித் துவையலுக்குக் குறிப்பு எழுதிவிட்டுப் போய்விட்டாள்.

புதன்கிழமை மாலை வலை இறுகியது.

'ஏழாம் நாள் சபைக்காரங்களா இருக்கும். அவங்களுக்குத்தான் சனிக்கிழமை ஆராதனை' என்று ஒருவர் எழுதினார். லென்ஸ் மறுத்தான். 'எங்க பக்கத்து வீடே அவங்கதான். இறால் கிடையாது, சனிக்கிழமை கோயில், எல்லாம் சரி. ஆனா தயிர் ஊத்தின மட்டன் பிரியாணியை நான் முதல்ல சாப்பிட்டதே அந்த வீட்லதான். இடிக்குது.'

'அப்ப யூதச்சியோ?' என்று யாரோ விளையாட்டாகக் கேட்டார்கள்.

எஸ்தர் திரையை நோக்கிக் குனிந்தாள்.

'ஹா ஹா! யூதச்சியா இருந்தா இந்நேரம் ரெசிப்பிக்கு பில் போட்டிருப்பாளே!' என்றான் லென்ஸ்.

யூதர் என்றாலே காசாசை என்கிற பழைய கிண்டல். மறுபடியும் சிரிப்பு முகங்கள். ஒன்றன் கீழ் ஒன்றாக.

குடியிருப்பின் சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, எஸ்தர் கணக்கை நீக்கும் பொத்தானை அமுக்கினாள். 'நிச்சயமாகவா?' என்று திரை கேட்டது. விரல் 'ஆம்' பொத்தானை நெருங்கியது.

"அழிக்கப் போறியா, மிளகுரசம்?"

எஸ்தர் விருட்டென்று திரும்பினாள். வாசலில் பார்கவி. இரண்டு வருடமாக அதே வீட்டில் அடுத்த அறையில் இருப்பவள். மயிலாப்பூர், முட்டைகூடத் தொடாதவள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரே கிச்சன்டி! செவ்வாய்க்கிழமை இங்க பீட்ரூட் குருமா வாசனை. புதன்கிழமை அங்க பீட்ரூட் குருமா ரெசிப்பி. இதைக் கண்டுபிடிக்க லென்ஸ் வேற வேணுமாக்கும். நீயா சொல்லுவேன்னு காத்துண்டிருந்தேன்."

எஸ்தர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "பார்கவி, நான் கிறிஸ்டியன் இல்ல" என்றாள்.

"சரி."

"யூதப் பொண்ணு."

பார்கவியின் பார்வை மெல்ல அலமாரிக்குப் போனது. அங்கே எஸ்தரின் பாத்திரங்கள். கைப்பிடியில் நீல டேப் சுற்றியவை மேல்தட்டில், சிவப்பு டேப் சுற்றியவை கீழ்த்தட்டில்.

"அப்போ... அந்த நீல டேப்?"

"பால், தயிருக்கு. சிவப்பு கறிக்கு. ரெண்டும் சேரக் கூடாது."

"எனக்காக இல்லையா?" என்றாள் பார்கவி. "நான் சைவம்னு எனக்காகத்தான் நீ தனிப் பாத்திரம் வெச்சிருக்கேன்னு நெனச்சுண்டு, எங்கம்மாகிட்ட பேசறப்பல்லாம் உன்னைத் தலையில தூக்கி வெச்சுண்டு ஆடியிருக்கேன்டி! உன்னை மாதிரி பொண்ணு லட்சத்துல ஒருத்தின்னு எங்கம்மா வேற..."

அவ்வளவுதான். எஸ்தருக்குச் சிரிப்பு பீறிட்டது. பார்கவிக்கும். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

"எங்காத்துல பத்துன்னு ஒண்ணு உண்டு" என்றாள் பார்கவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சாதத்தைத் தொட்ட கையை அலம்பாம தயிர்ப் பாத்திரத்தைத் தொட்டா அம்மா குதிகுதின்னு குதிப்பா. உங்காத்துல யாரு குதிப்பா?"

"அப்பா."

"அப்போ நீ எங்காத்து மனுஷிதான், போ."

சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்த பார்கவியின் முகம் மாறியது. அந்த 'பில்' வரி. அதன் கீழே சிரிப்பு முகங்களின் வரிசை. மேலிருந்து மூன்றாவது அவளுடையது.

"இதுல நானும்..."

"பார்த்தேன்" என்றாள் எஸ்தர்.

கெட்டிலில் தண்ணீர் கொதித்து, தானாக அணைந்தது. பார்கவி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். கடைசியில், "நீ சொல்லாம போயிட்டா அது எங்களுக்கெல்லாம் ஜோக்காவே இருந்துடும்டி" என்றாள்.

திரை இன்னும் 'நிச்சயமாகவா?' என்று கேட்டுக்கொண்டிருந்தது. எஸ்தர் 'இல்லை' என்பதை அமுக்கினாள்.

*

வெள்ளிக்கிழமை. ஜனவரியில் ஆஹென் சூரியனுக்கு வேலை செய்யவே பிடிக்காது. ஐந்து மணிக்கே மூட்டை கட்டும். எஸ்தர் குளித்து, மெழுகுவத்திகளை எடுத்து வைத்துவிட்டு, மடிக்கணினி முன் உட்கார்ந்தாள். வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. வேகமாக அடித்தாள்.

'லென்ஸுக்கு. உங்க கேஸை நானே முடிச்சு வைக்கிறேன். பாலையும் கறியையும் சேர்க்காத, எங்க முறைப்படி அறுத்த கறிக்காக ஆண்ட்வெர்ப் போற, செதில் இல்லாத மீனைத் தொடாத, வெள்ளி பொழுது சாய்ஞ்சா கம்ப்யூட்டரைத் தொடாத ஆள் நான். புரசைவாக்கத்து யூதச்சி. பேரு எஸ்தர். என் பெட்டியை மூணு மாடி தூக்கினது நீங்கதான் ராகவ், அதை மறக்கலை. ஹிட்லர் வரணும்னு எழுதினீங்களே, வந்தா முதல்ல யார் வீட்டுக் கதவைத் தட்டுவான்னு யோசிச்சீங்களா? பில் போட்டிருப்பாளேன்னு கேட்டீங்க. இதுதான் பில். அடுத்த தடவை எழுதறதுக்கு முன்னாடி, படிக்கிற கூட்டத்துல நானும் இருக்கேன்னு நெனச்சுக்குங்க. உங்களுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்தான் சொல்றேன். பதிலை நாளைக்கு இருட்டினப்புறம் பார்க்கிறேன்.'

அனுப்பினாள். மடிக்கணினியை மூடினாள். மெழுகுவத்திகளை ஏற்றினாள். ஓய்வு நாள் தொடங்கியது.

இனி ஒரு ராத்திரி, ஒரு பகல். குண்டைப் பற்றவைத்துவிட்டு, வெடித்ததா இல்லையா என்று எட்டிப் பார்க்கக்கூட முடியாது!

தொழுகைக்கூடத்து வாசலில் வழக்கம்போல் காவலுக்குப் போலீஸ் வண்டி நின்றது. வழக்கம்போல் உள்ளிருந்த போலீஸ்காரர் தலையசைத்தார். உள்ளே மூதாட்டிகள் கன்னத்தைக் கிள்ளினார்கள். எஸ்தருக்குப் பிரார்த்தனையில் மனம் ஒட்ட வெகுநேரம் பிடித்தது. ஒட்டிய பிறகு, ஆச்சரியம்தான், அரட்டை நினைவுக்கே வரவில்லை. சொல்லியாகிவிட்டது. இனி அது அவர்கள் பாடு.

சனிக்கிழமை காலை விழாவுக்குப் போகவேண்டிய பார்கவி, நைட்டியோடு சமையலறையில் உலாத்திக்கொண்டிருந்தாள்.

"பொங்கலுக்குப் போகலையா?"

"கேக்காதே. கேட்டா சொல்லிடுவேன். நீதான் இருட்டினப்புறம்னு சொல்லியிருக்கே."

"நல்லதா, கெட்டதா? அது மட்டும் சொல்லு."

"எஸ்தர்!" பார்கவி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள்.

சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே மூன்று நட்சத்திரங்கள் தெரிந்தன. எஸ்தர் பின்னல் மெழுகுவத்தியை ஏற்றினாள். கிராம்புச் சிமிழை முகர்ந்து, பார்கவியிடமும் நீட்டினாள். சுடரைத் திராட்சை ரசத்தில் நனைத்து அணைத்து, ஓய்வு நாளை வழியனுப்பினாள். கை மடிக்கணினியை நோக்கிப் போனது.

அழைப்பு மணி அலறியது.

கதவைத் திறந்தால் ராகவ். மூச்சு வாங்க, மூன்று மாடி ஏறி வந்தவன் கையில் பளபளவென்று ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரம். கடை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

"புதுசுங்க" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு. "ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்கலைங்க. கரண்டியும் புதுசு. கறி இதுக்குப் பக்கத்துலகூடப் போகலைங்க."

"எதுக்கு?"

"பொங்கலுக்குத்தானுங்க. இன்னும் வைக்கலை. நீங்க வந்துதான் வைக்கணும்னு எல்லாரும் உக்காந்திருக்காங்க."

"காலையிலேர்ந்தா?"

"காலையில யாரும் போகவே இல்லடி!" பார்கவி பின்னாலிருந்து வெடித்தாள். ஒரு நாள் முழுக்க அடக்கிய வெடி. "நேத்து நீ எழுதினதைப் படிச்சுட்டு, விழாவையே இருட்டினப்புறம்னு மாத்திட்டா!"

ராகவ் பாத்திரத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "எழுதறதுக்கு வார்த்தையே வரலைங்க. எங்க காலேஜ்ல ஸ்ட்ரிக்ட்டா இருக்கற வாத்தியார் எல்லாத்துக்கும் ஹிட்லர்னுதான் பேரு வைப்போம். சொல்லிச் சொல்லி, அது என்ன பண்ணின ஆளுன்னே மறந்துபோச்சுங்க. இந்த ஊருக்கே வந்து படிச்சுக்கிட்டு... சாக்குச் சொல்லலைங்க. தப்புதான். அந்த பில் ஜோக்கும்தான். ரெண்டையும் அழிச்சிரட்டுங்களா?"

எஸ்தர் யோசித்தாள். "வேண்டாம். அழிச்சா, நான் எதுக்குக் கோவப்பட்டேன்னு புதுசா வர்றவங்களுக்குத் தெரியாது. அதுக்குக் கீழேயே எழுதுங்க. லென்ஸ்னு இல்ல, ராகவ்னு."

"சரிங்க."

"விழாவை மாத்தறதுக்கு எல்லாருமா ஒத்துக்கிட்டாங்க?"

"எங்கே? இதுக்குப் போய் இவ்வளவு சீனான்னு ரெண்டு பேர் எழுதிட்டுக் கோச்சுண்டு போயிட்டா" என்றாள் பார்கவி. "போகட்டும். பொங்கல் மிச்சமாகும்."

மண்டபத்து வாசலில் விமலநாதன் நின்றிருந்தார். ஆஹெனில் தமிழ்க் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். மண்டபம் பிடித்துத் தந்தவர்.

"வாங்கோ பிள்ளையள், வாங்கோ" என்றார். "சூரியனுக்கு வைக்கிற பொங்கலைச் சூரியன் படுத்தாப் பிறகு வைக்கிற ஆக்களை இண்டைக்குத்தான் பாக்கிறன். அவர் கோவிக்க மாட்டாரோ?"

"கோவிச்சா நாளைக்கு வரமாட்டார், அவ்வளவுதானே அண்ணை" என்றாள் பார்கவி. "இந்த ஊர்ல அவர் எப்படியும் வர்றதில்லை."

உள்ளே நுழைந்ததும் சட்டென்று பேச்சு நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து மட்டும் அறிந்த அத்தனை பேர், நிஜ முகங்களோடு. பிறகு மூலையிலிருந்து ஒரு குரல்: "மிளகுரசம் அக்கா, உங்க ரசம்தான் போன வருஷம் என் ஜுரத்தை இறக்குச்சு!" மண்டபம் கலகலத்தது.

எஸ்தர் ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டாள். ஸ்டிக்கரைக் கிழித்தாள். பாத்திரத்தைக் கழுவி அடுப்பில் ஏற்றிப் பாலை ஊற்றினாள். நுரை விளிம்புக்கு வந்து, ஒரு கணம் தயங்கி, வழிந்தது.

"பொங்கலோ பொங்கல்!" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தியவள் அவள்தான்.

வெல்லம் கரைந்து, நெய்யில் முந்திரி சிவந்து, கிண்ணங்கள் கைமாறின. முதல் வாயைச் சாப்பிட்ட ராகவ் கண்ணை மூடிக்கொண்டான். "என்னங்க இது, இவ்வளவு நல்லா இருக்குது! இதுக்கு ரெசிப்பி..." என்று ஆரம்பித்தவன், தன் வாயிலிருந்து வந்த சொல் தன் காதிலேயே விழ, பாதியில் விறைத்தான்.

"தர்றேன்" என்றாள் எஸ்தர், கரண்டியைத் தட்டில் வைத்து. "பில் அனுப்பறேன்."

சிரிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

எஸ்தர்தான் முதலில் சிரித்தாள்.