ஜல்லிக்கு அடியில் மக்காச்சோளம்

1

இந்தக் கதை என் மகளின் வீட்டுப்பாடத்தில் பிறந்தது. 'பண்டைய பியூப்ளோ மக்கள் பாலைநிலத்தில் எப்படிப் பயிர் செய்தார்கள்? ஒரு பக்கத்துக்கு மிகாமல்.' ப்ரியா டான்ஸ் கிளாஸுக்குப் போய்விட்டாள். நான் உட்கார்ந்தேன். அமெரிக்காவின் தென்மேற்கே, மழை எப்போதாவது எட்டிப் பார்க்கும் மண்ணில், ஈரம் தேடி ஒரு அடி ஆழத்தில் மக்காச்சோள விதை ஊன்றினார்கள். சில இடங்களில் மேலே கூழாங்கல் பரப்பி அந்த ஈரத்தைக் காப்பாற்றினார்கள். அரைப் பக்கத்தில் விஷயம் தீர்ந்தது. மீதி அரைப் பக்கத்துக்குள் சரோஜினி வந்துவிட்டாள்.

2

செவ்வானம் கவிந்த அந்த மாலையில் சரோஜினி... (வேண்டாம். மே மாத முடிச்சூரில் எல்லாரும் தண்ணீர் லாரியைத்தான் பார்க்கிறார்கள்.)

சரோஜினி, நாற்பத்தேழு வயது, பல் டாக்டரிடம் ரிசப்ஷனிஸ்ட். தரைத்தள ஃபிளாட். ஜன்னலுக்கு வெளியே ஆறடிக்கு நாலடி மண். அங்கே கல் பதித்து பைக் நிறுத்த வேண்டும் என்றார் அசோசியேஷன் செக்ரட்டரி தோத்தாத்ரி. கூட்டத்தில் இவள், "வேண்டாம் சார்" என்றாள். மினிட்ஸில், 'சரோஜினி மேடமும் மகிழ்ச்சியுடன் ஆமோதித்தார்' என்று இருந்தது. பன்னிரண்டு வருடமாக அவளுடைய 'வேண்டாம்' எல்லாம் போகிற வழியில் 'சரி' ஆகிவிடுகின்றன.

(குரல் சின்னது, அதனால்தான் என்கிறாள். எனக்கு நம்பிக்கையில்லை. வேண்டாம் என்னும்போது சிரித்து வைக்கிறாள். எனக்கும் அந்த வியாதி உண்டு.)

3

அதனால் என் அரைப் பக்கத்தை அவளுக்குப் படிக்கக் கொடுத்தேன். மறுநாளே கடப்பாரையால் குழி போட்டு விதை ஊன்றினாள். கல் பதிக்க இறக்கியிருந்த ஜல்லியையே அள்ளி மேலே பரப்பினாள்.

மாடிப்படி பெருக்கும் அம்மணி நின்று பார்த்தாள்.

"இன்னாக்கா, இம்மாம் ஆழத்துல போட்ட?"

"அங்கதான் ஈரம் இருக்கும்."

"சோளம் இன்னா எலியா, தோண்டிகினு மேல வர்றதுக்கு?"

சாயங்காலம் தோத்தாத்ரி வந்தார். "ஜல்லி நீங்களே பரப்பிட்டீங்களா! பிரமாதம் மேடம்! மெம்பர்னா இப்படி இருக்கணும்!"

சரோஜினி சிரித்தாள்.

(அடிப்பாவி.)

4

முடிவுகள்:

முளைக்கிறது. தோத்தாத்ரி மனம் திருந்தி, சோளத்தைச் சுட்டு உப்புத் தடவித் தின்கிறார். (குமட்டுகிறது.)

கதையை டிசம்பர் வெள்ளம்வரை இழுத்தால் சோளம், பைக், செக்ரட்டரி எல்லாம் ஒன்றாக மிதக்கும். (முடிச்சூருக்கு நியாயமான முடிவு. ஆனால் கல் பதிப்பவர்கள் வரும் புதன்கிழமை வருகிறார்கள்.)

முளைக்கவில்லை. அந்த மக்களின் சோளம் ஒரு அடி மண்ணை முட்டிக்கொண்டு வரப் பழகியது. இவளுடையது தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கியது. செல்லமாக வளர்ந்த ஜாதி. (இதுதான் நடக்கும் என்று...)

5

புதன்கிழமை. ஜல்லிக்கு மேலே ஒரு பச்சையும் இல்லை. ஆட்கள் கல்லோடு நிற்கிறார்கள், கூடவே தோத்தாத்ரி. சரோஜினி நடுவில் போய், குழிகளை மிதிக்காமல் காலை அகட்டி நிற்கிறாள்.

"கொஞ்சம் நகருங்க மேடம்."

"மாட்டேன் சார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"என்ன மேடம், தமாஷ் பண்றீங்க!"

"கீழ விதை இருக்கு."

"எங்க? ஒண்ணும் காணோமே?"

"வரும்."

"எப்ப?"

அவள் என் பக்கம் திரும்பினாள். எனக்கு எப்படித் தெரியும்? அதனால் முடிவை உங்களிடம் தருகிறேன். முளைக்க வையுங்கள், அழுக வையுங்கள், உங்கள் இஷ்டம். அவளை நகர்த்துகிற வாக்கியம் மட்டும் வேண்டாம். நான் நாலு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். அங்கேயேதான் நிற்கிறாள்.